சலவைப் பலகை வித்வான்

1940-ஆம் வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சிகாகோவின் தெற்குப் பக்கம், மூன்றாவது மாடி. அடுக்களையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். பெயர் கேட்டாள், எர்ஸ்கின் டோலிவர் என்றேன். வயது கேட்டாள், இரண்டு வருஷம் குறைத்துச் சொன்னேன். தொழில் கேட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இசைக் கலைஞன் என்றேன். என்ன வாத்தியம் என்றாள். சலவைப் பலகை என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், தலைக்கு மேல் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துணிகளை ஒருமுறை பார்த்தாள், மறுபேச்சில்லாமல் 'சலவைத் தொழிலாளி' என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

உண்மையான சலவைத் தொழிலாளி என் மனைவி வெர்டெல். பக்கத்து ஹைட் பார்க் வட்டாரத்தில் நாலு வெள்ளைக்கார வீடுகளின் துணி அவள் கையில்தான் வெளுக்கும். அவளுக்கு அந்தத் தாளில் கிடைத்த பட்டம் 'குடும்பத் தலைவரின் மனைவி'. கணக்கெடுத்தவள் மாடிப்படி இறங்கும் சத்தம் அடங்கும்வரை வெர்டெல் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மிஸ்டர் டோலிவர், பத்தொன்பது வருஷமா முதுகு ஒடியத் துவைக்கிறது நான். சர்க்கார் பேரு வாங்குறது நீங்க. ரொம்ப சந்தோஷம்."

கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த சீர்வரிசையே அந்தப் பலகைதான், துணி தேய்க்க வரிவரியான பித்தளைத் தகட்டை மரச் சட்டத்தில் பொருத்தியது. மெம்பிஸ் நகரில் நாங்கள் குடித்தனம் தொடங்கியபோது எனக்கு கிட்டார் வாசிக்க ஆசை. கிட்டாருக்கு என்மேல் அப்படி ஒரு ஆசையும் இல்லை. ஆறு மாதம் முயன்று பார்த்தேன். ஆறு கம்பிகளில் ஐந்தை அறுத்ததுதான் மிச்சம். ஒரு சனிக்கிழமை நண்பர்கள் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது கைக்கு எதுவும் அகப்படாமல், சுவரில் சாய்த்திருந்த பலகையை எடுத்து மடியில் வைத்து, வெர்டெலின் தையல் பெட்டியிலிருந்து ஊசி குத்தாமல் விரலில் மாட்டிக்கொள்கிற அங்குஸ்தான்கள் எட்டை எடுத்து எட்டு விரலிலும் மாட்டிக்கொண்டு, தகட்டின் வரிகளில் மேலும் கீழும் இழுத்தேன். கூட்டம் எழுந்து ஆடியது. அன்று பிடித்த சனியன் இன்றுவரை விடவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வாரம் இரண்டாகப் பிரிந்தது. திங்கள் முதல் வியாழன் வரை பலகை வெர்டெலுக்கு, வெள்ளி முதல் ஞாயிறு வரை எனக்கு. ஒரு பலகை வாங்கினால் தீர்ந்துபோகிற விஷயம்தானே என்று கேட்பீர்கள். வாங்கினேன். அது சரியாகப் பேசவில்லை. சோப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் ஊறி, ஊரார் சட்டைகள் உரசி உரசி வரிகளின் முனை மழுங்கிய பித்தளைத் தகட்டுக்கு ஒரு குரல் வந்துவிடுகிறது. புதுப் பலகை வெறும் தகரம்போலக் கத்தும். ஆகவே புதியது அவளுக்கு, பழையது எனக்கு என்று ஏற்பாடு செய்தேன். புதியது அவள் கையில் பழகிக் குரல் வந்ததும் அதையும் பிடுங்கிக்கொண்டேன். என் இசை வாழ்க்கையில் பாதி உழைப்பு அவளுடையது என்பதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

சிகாகோவுக்கு வந்த இரண்டாவது வருஷம் ஹோஸியா பிங்கம் எனக்குக் கிடைத்தான். மவுத் ஆர்கன் ஊதுவான், பாடுவான். பகலில் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றித் தொடை சுமப்பான். அர்கன்சாஸ்காரன், உயரம், யாரைப் பார்த்தாலும் கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாக்ஸ்வெல் தெருச் சந்தையில், கோழிக்கடைக்கும் பழைய செருப்புக்கடைக்கும் நடுவில் நின்று நாங்கள் வாசித்தோம். பதினொரு வருஷம் அங்கேதான் நின்றோம்.

நடுவில் ரிக்கார்டுக்கும் வாசித்தேன். பதினான்கு ரிக்கார்டு. பெரிய பாடகர்கள் வந்து பாடும்போது பின்னால் சரசரவென்று ஒரு சத்தம் கேட்குமே, அது நான். சத்தம் அதிகம் என்று ஒலிப்பதிவு செய்கிறவர் முதல் நாளே என்னை மைக்கிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தினார். பிறகு சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். பலகைக்குப் பின்னால் துண்டைத் திணிக்கச் சொன்னார். மூன்றாவது முறை போனபோது என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கதவைப் பாதி சாத்திவிட்டார். பாடகரின் முகம்கூட எனக்குத் தெரியாது. கதவுக்குள்ளிருந்து பியானோக்காரன் எட்டிப் பார்த்துத் தலையசைத்தால் ஆரம்பிக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகிறவர்கள் என்னை ஒதுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவர் என்னிடம் ஈரக் கைகளைத் துடைக்கத் துண்டு கேட்டார். பலகையின் பின்னாலிருந்து உருவிக் கொடுத்தேன்.

ரிக்கார்டு வெளிவந்ததும் கடைக்கு ஓடிப்போய் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிப்பேன். பாடகர் பெயர் இருக்கும், கிட்டார், பியானோக்காரர்கள் பெயர் இருக்கும். கடைசியில் 'தாளத்துடன்' என்று ஒரு சொல் இருக்கும். அந்தத் 'தாளம்' நான்தான். பதினான்கு முறை அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்திருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் கணக்கெடுக்கிற பெண் வந்து என்னைச் சலவைக்காரன் ஆக்கிவிட்டுப் போனாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இசைக் கலைஞன் என்று எழுத்தில் ஒரு சாட்சி வாங்காமல் விடுவதில்லை என்று ஸ்டேட் தெருவில் இருந்த வாத்தியக்காரர்கள் சங்கத்துக்குப் போனேன். வெள்ளைக்காரர்களுக்கு வேறு சங்கம், கறுப்பர்களான நம் ஆட்களுக்கு இது. படிக்கட்டெல்லாம் பளபளவென்று இருக்கும். சுவர் நிறைய வயலினும் கையுமாகக் கோட்டுப் போட்ட மனிதர்களின் படங்கள். செயலாளர் தாடியஸ் வின்ஃபீல்ட் கிளாரினெட் வாசிப்பவர், ஸ்வரம் பார்த்து வாசிப்பவர், மூக்குக்கண்ணாடியை உயர்த்தி ஆளைப் பார்ப்பவர். என் பலகையைப் பார்த்தார். இரண்டு மணிகளும் வாணலி மூடியும் அதில் ஆணியடித்திருந்ததைப் பார்த்தார்.

"நாங்க சலவைக்கடை தொறந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லி அனுப்புவோம், மிஸ்டர் டோலிவர்."

மறு வருஷமும் போனேன். அப்போது அவர் கண்ணாடியைக்கூட உயர்த்தவில்லை. மூன்றாவது முறை, சங்க விதிப் புத்தகத்தை எடுத்து வாத்தியங்களின் பட்டியலைப் படித்துக் காட்டினார். முக்கோணக் கம்பி இருந்தது. ஆட்டுக்குட்டிக் கழுத்து மணி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. என் பலகை இல்லை. ஹோஸியாவின் மவுத் ஆர்கனும் இல்லை, அது பொம்மைக் கடையில் விற்கிற சாமானாம். வந்து ஹோஸியாவிடம் சொன்னேன். பொம்மையென்றால் பொம்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், தன்னை யாரும் சந்தா கேட்காமல் இருந்தால் போதும் என்றான்.

எனக்கு அந்த அடக்கம் கிடையாது. குறுக்கு வழியில் இறங்கினேன். நாலாவது முறை டிரம்காரனாகப் போவது என்று முடிவு செய்து, அடுத்த தெருவில் இருந்த டிரம்கார நண்பன் ஒருவனிடம் கெஞ்சி, ஏழு மாதம் மாவு டின்னைத் தட்டித் தட்டிப் பழகினேன். கீழ்வீட்டுக்காரர்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் கொடுத்தார்கள். தேர்வுக்கு வருகிறவர்களுக்கு வின்ஃபீல்ட் எப்போதும் ஒரே அணிவகுப்புப் பாட்டைத்தான் எடுத்து வைப்பார் என்று நண்பன் சொல்லியிருந்தான். அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தேன். 1942 ஜூனில் போய் வாசித்தேன். தாளைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்ப மறந்துவிட்டேன். முதல் பக்கத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே இரண்டாம் பக்கத்தைப் பிழையில்லாமல் வாசித்து முடித்தேன். வின்ஃபீல்ட் அந்தத் திருப்பாத தாளை ஒருமுறை பார்த்தார். என் பெயருக்கு நேரே 'டிரம்' என்று எழுதி அட்டையை நீட்டினார்.

அட்டையைக் கோட்டின் மேல்பையில், எழுத்துத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். ஜூலை வெயிலில் சிகாகோவில் கோட்டுப் போட்டுத் திரிந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். தேவாலயத்தில் வேண்டுமென்றே குனிந்து காலணி நாடாவைக் கட்டுவேன், அட்டை கீழே விழும், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். வெர்டெல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கட்டுவதற்கு ஒன்றும் இல்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு இன்று ஏன் குனிந்தீர்கள் என்று கேட்டாள்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி இடி விழுந்தது. ரிக்கார்டு கம்பெனிகளோடு தகராறு முற்றி, நாடு முழுவதும் சங்கத்து ஆட்கள் யாரும் ரிக்கார்டுக்கு வாசிக்கக் கூடாது என்று சங்கத் தலைமை உத்தரவு போட்டுவிட்டது. வயலின், டிரம்பெட், பியானோ எல்லாம் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. எனக்கு அப்போதும் பெருமைதான். என்னையும் சேர்த்துத் தடை செய்திருக்கிறார்களே என்று மார் தட்டினேன்.

மூன்று வாரம் கழித்து மாக்ஸ்வெல் தெருவில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது லிண்ட்கிரென் என்ற வெள்ளைக்காரர் வந்தார். சின்னக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் பிடிப்பவர். மூன்று பாட்டு முடியும்வரை கோழிக்கூண்டின்மேல் சாய்ந்து நின்று கேட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். சங்கம் வாத்தியக்காரர்களைத்தான் தடுத்திருக்கிறது. சங்கத்தின் பட்டியலில் மவுத் ஆர்கன் இல்லை, சலவைப் பலகை இல்லை, மனிதக் குரலும் இல்லை. இந்த மூன்றையும் வைத்து ரிக்கார்டு போட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது. நீங்கள் இரண்டு பேர் மட்டும், நாலு பாட்டு. லேபிளில் இரண்டு பேர் பெயரும் இருக்கும்: 'பிங்கம், டோலிவர்'. பலகையை மைக்குக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், அதை மறைக்க அங்கே வேறு எதுவும் இருக்காது என்றார்.

ஹோஸியா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தான். அவன் ஏன் அப்படிச் சிரித்தான் என்று எனக்குத் தெரியும். அவனுடைய முன்பற்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. குளிர்காலத்துக்குள் மேல்வரிசை முழுவதையும் பிடுங்கியாக வேண்டும் என்று நாற்பத்தேழாம் தெருப் பல் வைத்தியர் சொல்லியிருந்தார். பொய்ப்பல்லோடு ஊதினால் அது வேறு யாரோ ஊதுவதுபோல்தான் இருக்கும். அவன் ஊதுவதை ஒரு இசைத்தட்டிலாவது பிடித்து வைக்க அந்தக் கோடையை விட்டால் வழியில்லை.

இரண்டு பேரும் சங்கத்தில் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் லிண்ட்கிரென். அப்போது அவர் கண் என் மேல்பையில் விழுந்தது. ஹோஸியாவின் கண்ணும் விழுந்தது. அட்டை எழுத்துத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது.

லிண்ட்கிரென் கோபப்படவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் சங்கத்தை விட்டு விலகிய கடிதத்தோடு வாருங்கள், இல்லாவிட்டால் செயின்ட் லூயிஸில் இதேபோல ஒரு ஜோடி தயாராக இருக்கிறது, தாளம் இல்லாமல் வெறும் மவுத் ஆர்கனை நான் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஹோஸியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு தடவை தொரத்தினாங்க. நாலாவது தடவை வேஷம் போட்டுக்கிட்டுப் போய் உள்ள பூந்த. உன்னை மாதிரி ஒரு கழுதையை அர்கன்சாஸ்ல நான் வண்டியில கட்டினதுகூடக் கெடையாது."

 விலகுவதில் என்ன கஷ்டம், உள்ளே போகத்தானே சிரமப்பட்டோம் என்று மறுநாள் வின்ஃபீல்டிடம் அட்டையை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தடை நடக்கும்போது விலகுகிறவன் கருங்காலி, எந்த விலகலும் ஏற்கப்படாது என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறதாம். ஒரே ஒரு வழிதான் உண்டு. சேர்த்ததே தவறு, இந்த ஆள் இசைக் கலைஞனே அல்ல என்று நிரூபணமானால் அட்டை செல்லாது. குழு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூடுகிறது, வந்து நிரூபியுங்கள் என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மூன்று தடவை நான் இசைக் கலைஞன் என்று வாதாடிய அதே மேஜைக்கு முன்னால் நான் அது இல்லையென்று வாதாட வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வெர்டெல் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். வாசித்துக் காட்டச் சொல்வார்களே என்றாள். அது எனக்கு அதுவரை தோன்றவில்லை. கேவலமாக வாசித்தால் தீர்ந்தது என்றேன். அதற்குப் பயிற்சி வேண்டுமே என்றாள் அவள்.

அந்த ஞாயிறும் மறுநாள் திங்களும் எங்கள் அடுக்களையில் கேவலமாக வாசிக்கும் பயிற்சி நடந்தது. ஹோஸியா அவரைக்காயும் சோள ரொட்டியும் வைத்த தட்டோடு உட்கார்ந்து திருத்தம் சொன்னான். நான் தாளம் தவறி வாசித்தேன். அது தெரிந்தே தவறுகிற மாதிரி இருக்கிறது, அழகாக இருக்கிறது, கூடாது என்றான். விரல்களை விறைப்பாக்கிக்கொண்டு வாசித்தேன். அதுவும் புதுசாக ஏதோ பாணி மாதிரி கேட்கிறதாம். வெர்டெலைக் கூப்பிட்டு, நீ துணி துவைக்கிற மாதிரியே துவைத்துக் காட்டு, அப்படியே செய்கிறேன் என்றேன். அவள் ஒரு காலுறையை எடுத்துத் துவைத்துக் காட்டினாள். ஹோஸியா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இவங்க உன்னைவிட நல்லா வாசிக்கிறாங்களே."

கடைசியில் திங்கள் சாயங்காலம் ஒரு வழி கண்டுபிடித்தேன். வலது கை ஒரு வேகத்திலும் இடது கை இன்னொரு வேகத்திலும், நடுநடுவே மணியைத் தப்பான இடத்தில் தட்டியும் வாசித்தபோது, கீழ்வீட்டு நாய் ஊளையிட ஆரம்பித்தது. இதுதான் வேண்டும் என்றான் ஹோஸியா. கிளம்பும்போது வாசலில் நின்று, கட்டைவிரலால் முன்பல்லை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டான். 

செவ்வாய்க்கிழமை அவனும் கூட வந்தான், தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு. உள்ளே விடமாட்டார்கள் என்பதால் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். நான் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். நீள மேஜைக்குப் பின்னால் ஏழு பேர். வின்ஃபீல்ட் நடுவில். ஒருவர் பெரிய தியேட்டரில் வாத்தியக்குழு நடத்தியவர். ஒருவர் பாரீஸ் வரை போய் டிரம்பெட் வாசித்துவிட்டு வந்தவர். எல்லாரும் ஸ்வரம் படித்தவர்கள், கழுத்தில் டை கட்டியவர்கள்.

நான் நன்றாகத்தான் வாதாடினேன். எனக்கு ஸ்வரம் தெரியாது, அணிவகுப்புப் பாட்டை மனப்பாடம் செய்து ஏமாற்றினேன் என்று முதல் குண்டைப் போட்டேன். அது தெரிந்ததுதான் என்றார் வின்ஃபீல்ட். அந்தப் பாட்டை மனப்பாடம் செய்து உள்ளே வந்தவர்கள் இந்த மேஜையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார். இரண்டு பேர் கூரையைப் பார்த்தார்கள். சரி, நான் டிரம்காரனே இல்லை, வாசிப்பது இந்தப் பலகையைத்தான், இது வாத்தியமே இல்லை என்று நீங்களே மூன்று தடவை சொன்னீர்கள், இதில் என் மனைவி காலுறை துவைக்கிறாள், சர்க்கார் கணக்கில் நான் சலவைத் தொழிலாளி என்று வரிசையாக அடுக்கினேன். ஏழு பேரில் நாலு பேர் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பாரீஸுக்குப் போய் வந்த பெரியவர்தான் கேட்டார். கையோடு கொண்டுவந்திருக்கிறீர்கள், கொஞ்சம் வாசியுங்களேன், கேட்டுவிட்டுத் தீர்மானிக்கலாம் என்றார். நானும் எதிர்பார்த்ததுதான். அங்குஸ்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டேன். வலது கை ஒரு வேகம், இடது கை இன்னொரு வேகம், மணி தப்பான இடத்தில். நன்றாக வந்தது, அதாவது படுகேவலமாக வந்தது. ஒருவர் முகத்தைச் சுளித்தார். இன்னும் அரை நிமிஷம் இப்படியே ஓட்டினால் ஹோஸியாவின் ஊதலும் என் பெயரும் பிழைத்துவிடும்.

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வினையாயிற்று. ஏழு பேரும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷமாக என்னைக் குடிகாரர்கள் கேட்டிருக்கிறார்கள், கோழி வாங்க வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், பாதி சாத்திய கதவு கேட்டிருக்கிறது. வாசிப்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள், என் கைகளைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு கேட்டது அன்றுதான். வின்ஃபீல்ட் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. இவ்வளவுதானா இந்த ஆள், நான் முதலில் நினைத்தது சரிதான் என்கிற வருத்தம். அதை என்னால் தாங்க முடியவில்லை.

கொஞ்சம் மட்டும் காட்டிவிட்டு மறுபடி கெடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது பொய். அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. இடது கை போய் வலது கையோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். பித்தளை பேச ஆரம்பித்தது. மெதுவாக, ஈரத் துணியைத் தேய்க்கிற மாதிரி ஆரம்பித்து, ஓரங்களுக்குப் போய், சட்டத்தின் மரத்தில் முட்டி, வாணலி மூடியில் ஒரு சொட்டு வைத்துத் திரும்பினேன். மெம்பிஸில் வாசித்ததெல்லாம் வந்தது. தாழ்வாரத்தில் நின்று அடக்கி அடக்கி வாசித்ததெல்லாம் வந்தது. பெரியவரின் விரல் மேஜையில் தட்ட ஆரம்பித்தது. அவர் எனக்கு எதிராக ஒரு தாளம் வைத்தார். நான் அதை வாங்கி இரட்டித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரியாது. முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் நின்றது. வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் வாசித்ததில்லை, இனியும் வாசிக்கப் போவதில்லை.

 பிறகு வின்ஃபீல்ட் எழுந்து நின்றார். எழ வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

"சகோதரர் டோலிவர், மூணு தடவை நான் தப்புப் பண்ணிட்டேன். இந்தக் குழு முன்னாலேயே அதை ஒத்துக்கறேன்."

ஓட்டெடுத்தார்கள். ஏழு கை உயர்ந்தது. இந்த ஆள் சந்தேகமில்லாமல் இசைக் கலைஞன், மனு தள்ளுபடி. தடை இருக்கும்வரை எந்த ரிக்கார்டிலும் வாசிக்கக் கூடாது என்பதைச் சடங்குக்காக எனக்குப் படித்துக் காட்டினார்கள். பெரியவர் மேஜையைச் சுற்றி வந்து, அங்குஸ்தான் மாட்டிய என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் முகத்தில் அசடு வழிய எல்லாருக்கும் நன்றி சொன்னேன். ஆமாம், நன்றி சொன்னேன். கதவுப்பிடியில் கை வைக்கும்வரை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தேன். ஹோஸியா படிக்கட்டில் இல்லை. கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. என்ன தீர்ப்பு என்று அவன் கேட்கவில்லை. நான் ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன்: லிண்ட்கிரெனிடம் பேசிப் பார்க்கலாம், தடை சீக்கிரம் போய்விடும், வைத்தியரிடம் தள்ளிப்போடச் சொல்லலாம் என்று. அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

"பதினோரு வருஷம் உன் பக்கத்துல நின்னு ஊதியிருக்கேன், எர்ஸ்கின். எனக்கு நீ ஒருநாள்கூட இப்படி வாசிச்சதில்ல."

அவன் படியிறங்கிப் போனான்.  அவன் சொன்னது உண்மை. அதைவிடக் கேவலமான உண்மை ஒன்று இருக்கிறது. அந்த நிமிஷமே என்னை மறுபடி அந்த அறைக்குள் அனுப்பி முதலிலிருந்து வாசிக்கச் சொல்லியிருந்தாலும், நான் அப்படியேதான் வாசித்திருப்பேன்.